எண் தெரிய வேண்டும்

நஜஃப்கர் காவல் நிலையத்தின் பின்பக்கம்
மோதிய வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள்.
வரிசை என்பது ஒரு மரியாதைக்கு.
ஜனவரி, காலை ஆறே கால்.
பனிமூட்டம் மதிலேறிக் குதித்து
யாரையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தது.

காப்பீட்டு நிறுவனத்துக்குப் பன்னிரண்டு படம் வேண்டும்.
முன், பின், இடம், வலம், ஓடோமீட்டர், சேஸிஸ்,
எல்லாவற்றுக்கும் மேலே நம்பர் பிளேட்.
போன வாரம் ஒரு கோப்பு திரும்பி வந்தது,
ஓரத்தில் சிவப்பு மை:
மாசிலாமணி, எண் தெரிய வேண்டும்.

ஃபிளாஷ் போட்டால் பிளேட் பற்றிக்கொள்கிறது.
அந்த மஞ்சள் தகடு வாங்கிய வெளிச்சத்தை
வட்டியோடு முகத்தில் எறிகிறது.
திரையில் ஒரு வெள்ளைக் கட்டி.
ஃபிளாஷை அணைத்தால் டெம்போவே இல்லை.

கேமராவுக்கு ஒரு நம்பிக்கை உண்டு,
உலகம் மொத்தத்தில் சாம்பல் நிறம் என்று.
பனியைக் காட்டினால் அழுக்கு என்கிறது.
டயரைக் காட்டினால் அதையும்
துவைத்து வெளுத்துக் கொண்டுவந்து வைக்கிறது.
பனிக்கு ஒரு படி கூட்டு,
கறுப்புக்கு ஒரு படி குறை.
கேட்பவருக்குத் தலைகீழாகப் படும்.
பதினோரு வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்ற கணக்கு.

ஐஎஸ்ஓ நூறில் வைத்தேன். சுத்தமான படம்தான்,
ஷட்டர் திறந்து மூடுவதற்குள்
குளிரில் என் கை
ஹரியானா எல்லையைத் தொட்டுத் திரும்பியிருந்தது.
எண்ணூறு.
ஆயிரத்து அறுநூறு.
பேட்டரி விறைத்துச் செத்தது.
கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.
குஞ்சு பொரிக்குமா என்று கேட்டார் ஏட்டு தோமர்.

அவருடைய டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்க்கச் சொல்லி
ஒன்றரைப் படி குறைத்து எடுத்தேன்.
எண் வந்தது. நாலு இலக்கமும்.
ஏழின் கால் மட்டும் நசுங்கியிருந்தது.
சுற்றிலும் கரி இருட்டு.
நிறுவனத்துக்கு இது போதும்.
பன்னிரண்டு.

கண்ணுக்கு இந்தத் திருகாணி எதுவும் கிடையாது.
அது பாட்டுக்குப் பழகிக்கொண்டு
உள்ளே சீட்டைப் பார்த்துவிட்டது.

பதின்மூன்றாவதை யாரும் கேட்கவில்லை.
உடைந்த ஜன்னலுக்குள் லென்ஸை நுழைத்து
முழங்கையை விலாவில் அழுத்தி
ஐஎஸ்ஓ ஆறாயிரத்து நானூறு,
பதினைந்தில் ஒரு நொடி.
மூச்சு விடவில்லை. விட்டால் படமும் சேர்ந்து அசையும்.

வந்தது.
கிழிந்த ரெக்சின். ஒற்றைக் காலுறை.
வாய் பிரிந்த ரேவ்டி பொட்டலம்.
படம் முழுக்கப் பொரிப்பொரியாகப் புள்ளி.
பெயரில் இல்லாத மாசெல்லாம்
படத்தில் வந்து சேர்ந்திருந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
எது ரேவ்டி மேல் ஒட்டிய எள்,
எது ஐஎஸ்ஓ இறைத்த எள்,
பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பின்னால் யாரோ இருமினார்கள்.
கம்பளிக்குள் ஒரு பையன், நெற்றியில் கட்டு.
வண்டியின் கிளீனர். திலேஷ்வர் என்றான்.
அந்தப் பொட்டலம் வேண்டும் என்றான்.
தடயம், தொடக் கூடாது என்றார் தோமர்.
பையன் அவரைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்,
பிறகு என் கேமராவைப் பார்த்தான்.

காட்டினேன்.

இன்னும் பெரிசு என்றான்.
பெரிதாக்கினேன். புள்ளிகளும் கூடவே பெருத்தன.
விறைத்த விரலைத் திரைமேல் வைத்து
ஒவ்வொன்றாக நகர்த்தினான்.
ஏக், தோ, தீன்.
ஒருமுறை தவறி, முதலிலிருந்து.

ஏழு இருக்கு என்றான்.
பத்தொன்பது வாங்கினோம்.
நான் மூணுதான் தின்னேன்.

மிச்சக் கணக்கை அவன் சொல்லவில்லை.
என் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.
தோமர் டார்ச்சை அணைத்தார்.